எட்டாவது லைன்

பெங்களூர் மர்பி டவுன் மார்க்கெட் சந்தில் மின்சாரம் போனால் எல்லோரும் தலைக்கு மேலே நின்றுபோன மின்விசிறியைப் பார்ப்பார்கள். யசோதா மட்டும் எதிர்ச்சாரியில் இருக்கும் டோரதியின் பேக்கரியைப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே விரல்களை மடக்கி எண்ணுவாள். சந்தின் கடைசியில், தகரக் கொட்டகைக்குள், அவள் புருஷன் அப்பாதுரை ஜெனரேட்டரைக் கிளப்பும் சத்தம் கேட்கும். முதலில் ஓர் இருமல், பிறகு நீளமாக ஓர் உறுமல். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வரும். எங்கே முதலில் வரும்? டோரதியின் பேக்கரியில். நேற்றும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான், போன வருஷமும் அப்படித்தான். தில்பசந்தும் காரா பன்னும் அடுக்கியிருக்கும் கண்ணாடிப் பெட்டி பளிச்சென்று எரியும். அதற்குப் பின்னால் டோரதி சிரித்துக்கொண்டு நிற்பாள். நிஜமாகவே சிரிக்கிறாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யசோதாவின் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

அந்த ஜெனரேட்டர் வியாபாரிகள் சங்கத்துடையது. முப்பது கே.வி.ஏ. திறன்; யாரோ ஓட்டிவிட்டு விற்றதை வாங்கிவந்து கொட்டகையில் உட்கார வைத்திருந்தார்கள். சந்தில் நாற்பது கடைகள். மெஷின் ஓடும் பேக்கரிக்கும் யசோதாவின் கடைக்கும் தனித்தனி லைன், மற்றவர்களுக்கு ஆறு என்று நாற்பதையும் எட்டு லைனாகப் பிரித்து, எட்டு சுவிட்ச் போட்டு, அதற்கு ஓர் ஆபரேட்டரையும் போட்டிருந்தார்கள். பதினைந்து வருஷமாக அந்த ஆபரேட்டர் அப்பாதுரைதான். எட்டையும் ஒரே அடியாகப் போட்டால் இஞ்சின் தாங்காது; ஒன்றொன்றாக, நடுவில் கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் போட வேண்டும். அதுவரைக்கும் நியாயம். ஆனால் ஒன்றொன்றாக என்று வந்துவிட்டால் யாராவது முதலில் நிற்க வேண்டும், யாராவது கடைசியில் நிற்க வேண்டும். முதலில் டோரதி. அப்புறம் மெடிக்கல் ஷாப், கறிக்கடை, பாத்திரக்கடை என்று வரிசையாக ஏழு லைனும் எரிந்து, கறிக்கடைக்காரனின் ஃப்ரிட்ஜ்கூட ஓடத் தொடங்கிய பிறகு, ஆற அமர, எட்டாவதாக யசோதாவின் பிளவுஸ் கடை. கட்டின பெண்டாட்டிக்கு எட்டாம் இடம்!

ஒரு தடவை கேட்டும் விட்டாள். ஆஸ்டின் டவுனில் அவர்கள் குடியிருக்கும் இரண்டு ரூம் வீட்டில், சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அவளுக்கு மட்டும் இன்னாத்துக்கு ஃபர்ஸ்ட்டு போடறே?"

"எவளுக்கு?"

"அதான், உன் பேக்கரிக்காரிக்கு."

அப்பாதுரை சாதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவங்க மாவு பிசையற மிஷினு அஞ்சு ஹெச்.பி. மோட்டாரு. பெரிய மோட்டாரை, இஞ்சின் காலியா இருக்கறப்பவே தூக்கி வுட்டுடணும். லோடு ஏறினப்புறம் தூக்கினா மூச்சு வாங்கும்."

"யாருக்கு மூச்சு வாங்கும்?"

"இஞ்சினுக்கு."

"நல்லா வாங்கும் மூச்சு," என்று சொல்லி ரசத்தை அவன் தட்டில் ஊற்றாமல் தட்டைச் சுற்றி ஊற்றினாள். அப்பாதுரைக்குப் பேச்சில் எப்போதுமே கொஞ்சம் கஞ்சத்தனம். இஞ்சினோடு பதினைந்து வருஷம் இருந்தவனுக்குச் சத்தம் போட்டுப் பேசத் தெரியும், விளக்கிப் பேசத் தெரியாது. 'முதலில் அவள் ஏன்' என்று கேட்ட யசோதாவின் வாய்க்கும், 'கடைசியில் நான் ஏன்' என்று கேட்க வரவில்லை. அதைக் கேட்பதே கேவலமாக இருந்தது. நான் கடைசி என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று அந்தக் கேள்வியை மட்டும் முழுங்கிக்கொண்டாள். முழுங்கினது வயிற்றில் போய் எரிந்துகொண்டே கிடந்தது.

பொறாமை பிடித்தவளுக்குச் சாட்சிக்குப் பஞ்சமே கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்கு அப்பாதுரை டோரதியின் கடை வாசலில் நின்று டீயும் ஒரு காரா பன்னும் சாப்பிடுவான். சந்தில் பாதிப் பேர் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். அது கணக்கில் வராது. டோரதியின் கடை எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோனபோது அரை மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்தான். வீட்டில் மிக்ஸி ஒரு மாதமாக மூலையில் கிடந்தது. டோரதி அவனை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். அந்த "அண்ணே"யை வெளியே நின்று கேட்டவர்களுக்கு அது அண்ணேதான். யசோதாவின் காதுக்கு அதில் வெல்லம் கலந்திருந்தது. டோரதி புருஷனை இழந்து ஆறு வருஷம் ஆகிறது. ரொட்டி மாஸ்டர் முகேஷை வைத்துக்கொண்டு தனியாளாகக் கடையை நடத்துகிறாள். நாற்பத்து மூன்று வயதிலும் முதுகு நேராக நிற்கிறாள். இதில் ஒன்றுகூடத் தப்பில்லைதான். எல்லாம் சேர்ந்துதான் யசோதாவுக்குத் தப்பாகப் போயிற்று.

ஆனால் யசோதாவின் பக்கத்திலும் ஒரு சாட்சி இருந்தது. ஒன்றே ஒன்று, ஆனால் கெட்டியான சாட்சி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மே மாதத்தில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எடுத்த இடத்தில் சீழ் வைத்துக்கொண்டதால் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தப் பன்னிரண்டு நாளும் அப்பாதுரை அவளை விட்டு நகரவில்லை. பெண்கள் வார்டில் ஆண்களுக்கு ராத்தங்க இடமில்லை என்று வெளி வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் பாயைப் போட்டுக் கிடந்தான். காலையில் கஞ்சியை ஆற்றி, ஸ்பூனால் ஊட்டினான். அவள் தலையைச் சிக்கெடுத்து, கோணல்மாணலாக ஒரு பின்னலும் போட்டுவிட்டான். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் எட்டிப்பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

"ஜெனரேட்டரை யாரு பாக்கறது?" என்று அவள் மயக்கத்திலேயே கேட்டாள்.

"கரண்ட்டே போவல," என்றான் அப்பாதுரை.

மறுநாளும் கேட்டாள். போகவில்லை என்றான். பன்னிரண்டு நாளும் கேட்டாள். பன்னிரண்டு நாளும் போகவில்லை. யசோதாவுக்குப் புல்லரித்துப் போயிற்று. தன் புருஷனைத் தன்னோடு வைத்திருக்கக் கடவுளே கரண்ட்டைப் பிடித்துவைத்திருக்கிறார் என்று முடிவுகட்டி, உடம்பு தேறியதும் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போய்ப் பன்னிரண்டு விளக்கு ஏற்றிவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து அந்தப் பன்னிரண்டு நாள்தான் அவள் கையில் இருந்த துருப்புச்சீட்டு. டோரதியின் பேக்கரிக்குப் போய் நாலு பன் வாங்குவாள். வீட்டில் பன் தின்பாரில்லை, இருந்தாலும் வாங்குவாள். "என் வூட்டுக்காரரு இருக்காரே டோரதிக்கா, நான் ஆஸ்பத்திரில கெடந்தப்போ பன்னெண்டு நாளு இஞ்சின் பக்கம் தலைவெச்சுப் படுக்கலை. போனாப் போவுது ஜெனரேட்டருன்னுட்டாரு" என்று ஆரம்பிப்பாள். டோரதி காகிதப் பையில் பன்னைப் போட்டுக்கொண்டே, "நல்ல மனுஷரு" என்பாள். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் தெரியாது. யசோதா பையோடு தெருவைக் கடந்து வந்து, குத்தவேண்டிய இடத்தில் குத்திவிட்டோம் என்ற திருப்தியோடு தன் எம்ப்ராய்டரி மெஷின் முன்னால் உட்காருவாள். அந்தத் திருப்தி அடுத்த தடவை மின்சாரம் போகும்வரைக்கும் வரும்.

இந்த வருஷம் மே மாதம் முதல் மழையோடு அப்பாதுரைக்குச் சிக்குன்குனியா வந்தது. மூட்டுக்கு மூட்டு வீங்கி, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. சங்கச் செயலாளர் சுந்தரராமன் போன் செய்தார். அவர்தான் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். வேறொரு ஆளைப் பத்து நாளுக்கு ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டார். போனை வாங்கிய யசோதா, "வேணாம் சார், நானே போட்டுக்கறேன்" என்றாள்.

"நீங்களாம்மா?"

"ஏன் சார், சாவி திருப்பி சுவிட்ச் போடறது ஒரு வித்தையா? நான் பாக்காததா?"

படுக்கையிலிருந்து அப்பாதுரை தலையைத் தூக்கினான். "இந்தா, இரு. வரிசைய எழுதிக்கோ. எந்த நம்பர் எந்த லைனுன்னு..."

"எனக்குத் தெரியும்."

"தெரியாது. ஒண்ணும் புரியலன்னா டோரதிகிட்ட..."

அந்தப் பேரைக் கேட்டதும் யசோதா போர்வையை அவன் மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டாள். காய்ச்சலில் கிடக்கிறபோதும் அந்தப் பேர்தான் வாயில் வருகிறது! டோரதியிடம் என்ன, சொல்லிவிட்டுப் போடவேண்டுமா? உத்தரவு வாங்க வேண்டுமா? ஆஸ்டின் டவுனிலிருந்து மர்பி டவுன் வரைக்கும் ஆட்டோவில் அந்த அரை வாக்கியத்தை மென்றுகொண்டே வந்தாள். அவன் எப்படி முடித்திருப்பான் என்று ஏழெட்டு விதமாக முடித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் முந்தினதைவிட மோசமாக இருந்தது.

முதல் நாள் மின்சாரம் போகவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வானம் கறுத்து, காற்று அடித்து, எங்கோ ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தது. "கரெண்ட் ஹோயித்து!" என்று பாத்திரக்கடைக்காரர் கரண்ட் போனதைக் கன்னடத்தில் கத்தினார். யசோதா எம்ப்ராய்டரி மெஷினை அப்படியே விட்டுவிட்டு, சாவிக்கொத்தோடு கொட்டகைக்கு ஓடினாள். ஓடும்போதே மனசுக்குள் ஒரு குதூகலம். இன்றைக்கு வரிசை என் கையில்.

சாவியைத் திருப்பினாள். இஞ்சின் இருமி, உறுமி, கிளம்பியது. பெரிய கைப்பிடியை ஜெனரேட்டர் பக்கம் தள்ளினாள். எதிரே எட்டு சுவிட்சுகள், வெள்ளைப் பெயின்ட்டில் ஒன்று முதல் எட்டு வரை. அவற்றில் அவளுக்குத் தெரிந்தவை இரண்டே இரண்டு. மூன்று அவளுடையது, ஐந்து டோரதியுடையது. இத்தனை வருஷத்தில் அவள் விசாரித்துத் தெரிந்துகொண்டதெல்லாம் அவ்வளவுதான்.

மூன்றைப் போட்டாள். கொட்டகை வாசலுக்கு ஓடிவந்து எட்டிப்பார்த்தாள். மழையிருட்டில் சந்து முழுக்க மங்கிக் கிடக்க, அவள் கடை மட்டும் எரிந்தது. ஊதாப் பின்னணியில் தங்க எழுத்து: யசோ பிளவுஸ் கார்னர். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. தன் பேரை ஒரு தடவை வாய்விட்டே படித்தாள், நான் பொய் சொல்லவில்லை. உள்ளே வந்து ஐந்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஆறையும் சடசடவென்று போட்டாள். இஞ்சின் கொஞ்சம் முனகியது, சமாளித்துக்கொண்டது. திரும்ப வாசலுக்கு வந்து பார்த்தாள். சந்து முழுக்க வெளிச்சம். நடுவில் ஒரே ஒரு பல் விழுந்த பொக்கை மாதிரி டோரதியின் பேக்கரி. கையைக் கட்டிக்கொண்டு அந்த இருட்டை ரசித்தாள். தெரியட்டும். கடைசியில் நிற்பது எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது தெரியட்டும்.

பேக்கரி வாசலுக்கு முகேஷ் வந்து கைகளை விரித்து, என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டான். போனால் போகிறது என்று உள்ளே வந்து ஐந்தாம் சுவிட்சைப் போட்டாள்.

பேக்கரி எரிந்தது. முகேஷ் உள்ளே போய் மாவு மெஷினின் பச்சைப் பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். பாதி பிசைந்த மாவு அதில் கிடந்தது. மார்பில் யாரோ கைவைத்து அழுத்தின மாதிரி இஞ்சினின் குரல் இறங்கியது. குழாயிலிருந்து கரும்புகை தள்ளியது. சந்தின் விளக்குகள் எல்லாம் கண்ணைச் சிமிட்டின, மறுபடி சிமிட்டின, அணைந்தன. இஞ்சின் குலுங்கி நின்றுபோயிற்று.

மூச்சு வாங்கும் என்று அவன் சொன்னது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

சாவியைத் திருப்பினாள். எட்டு சுவிட்சும் போட்டது போட்டபடியே இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. இஞ்சின் பிடித்து, இரண்டு மூச்சு விட்டு, செத்துப்போயிற்று. மறுபடி திருப்பினாள். மறுபடி அதே கதை. புருஷனுக்குப் போன் செய்யலாம் என்று போனை எடுத்தாள். எடுத்த கையோடு இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்த வாயால் எப்படிக் கேட்பது?

சுந்தரராமன் குடையோடு ஓடிவந்தார். "ஃப்ரிட்ஜுல இன்சுலின் இருக்கும்மா! எவ்ளோ நேரம்? பேசாம டோரதியைக் கூப்பிடுங்களேன்."

"அவளை எதுக்கு சார்?"

சுந்தரராமன் வாயைத் திறந்தார், மூடினார், குடையைப் பார்த்தார். "இல்ல, சும்மா சொன்னேன்" என்றார். அந்த "சும்மா" சும்மா இல்லை என்று யசோதாவுக்கு உடனே தெரிந்துவிட்டது.

யாரும் கூப்பிடுவதற்குள் டோரதியே வந்துவிட்டாள். தலையில் ஒரு பிளாஸ்டிக் கவர், முழங்கை வரைக்கும் மாவு. யசோதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பலகைக்கு முன்னால் வந்து நின்று எட்டு சுவிட்சையும் தடதடவென்று கீழே தள்ளினாள். கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்தாள். சாவியைத் திருப்பினாள். இஞ்சின் கிளம்பியது. அதைச் சூடேற விட்டுக் கொஞ்ச நேரம் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முள் நிலைத்ததும் கைப்பிடியை மறுபடி ஜெனரேட்டர் பக்கம் தள்ளினாள். ஐந்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, "முகேஷ், அமுக்குப்பா!" என்று குரல் கொடுத்தாள். இஞ்சின் ஒரு தரம் குனிந்து நிமிர்ந்தது. அவ்வளவுதான்.

அப்புறம் அவள் உதடு அசைந்தது. பத்து எண்ணினாள். இரண்டைப் போட்டாள். பத்து எண்ணினாள். ஏழு. பத்து. ஒன்று. பத்து. எட்டு. நம்பரைப் பார்க்கவே இல்லை. தன் சமையலறையில் இருட்டில் உப்பு டப்பாவை எடுக்கிறவள் மாதிரி கை தானாகப் போயிற்று. மின்சாரம் வந்த நிம்மதியில் சுந்தரராமன் மெல்ல நழுவிவிட்டார்.

யசோதாவுக்கு ஆத்திரம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. இந்தப் பலகையை அப்பாதுரை தனக்குக் காட்டியதே இல்லை. பதினைந்து வருஷமாகக் கொட்டகைக்குள் வந்தால், "கை வெக்காதே, ஷாக் அடிக்கும்" என்று துரத்துவான். இவளுக்கு ஷாக் அடிக்காதா?

"உனக்கு யாரு கத்துக்குடுத்தது?"

"அண்ணன்தான்." ஆறாம் சுவிட்ச்.

"எப்போ?"

டோரதி பத்து எண்ணி முடித்தாள். நாலாவதைப் போட்டாள். "வேணாம் யசோதா."

"எப்போன்னு கேக்கறேன். எத்தினி நாளா நடக்குது இது? நீயும் அவனும் இந்தக் கொட்டாய்க்குள்ள..."

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்போ," என்றாள் டோரதி.

இஞ்சின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்றுகூட யசோதா நினைத்தாள். "அப்போ அவரு என்கூடத்தான் இருந்தாரு. பன்னெண்டு நாளும்."

"இருந்தாரு இல்ல? அதான் நான் இங்க இருந்தேன்."

"கரண்ட்டே போவலியே அப்போ."

டோரதி முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள். "மே மாசத்துல? மர்பி டவுன்ல? பன்னெண்டு நாளு கரண்ட் போவலியா? அதை நீ நம்பினியா? ஒரு நாளைக்கு நாலு வாட்டி போச்சும்மா. சங்கத்துல வேற ஆளைப் போட்டுக்கறோம்னாங்க. போட்டா போட்டதுதான், அண்ணனுக்குத் திரும்ப வேலை இல்ல. உன்னை ஆஸ்பத்திரில சேக்கற அன்னிக்கி காலையில வந்து எனக்கு எல்லாம் காட்டிக்குடுத்துட்டு ஓடிட்டாரு. பன்னெண்டு நாளும் இங்கதான் கெடந்தேன், கடையை முகேஷ் பாத்துகினான்."

சோமேஸ்வரர் கோயிலில் ஏற்றிய பன்னிரண்டு விளக்கும் யசோதாவின் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. யாருக்கு ஏற்றியிருக்க வேண்டிய விளக்கு! அதற்குப் பின்னால் நாலு நாலு பன்னாக இரண்டு வருஷத்துப் பன் வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் என்ன சொன்னோம், எப்படிச் சொன்னோம், டோரதி எப்படிக் காகிதப் பையை மடித்துக் கொடுத்தாள் என்று ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தது. டோரதியை அடிக்க வைத்திருந்த கம்பே டோரதி கொடுத்தது. இதைவிட டோரதி அவள் புருஷனோடு ஓடிப்போயிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது; திட்டுவதற்காவது ஆகியிருக்கும்.

"எங்கிட்ட ஏன் சொல்லல? சந்துல எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது!"

"சொன்னா நீ தையலைப் பிச்சுகினு ஆஸ்பத்திரியிலிருந்தே ஓடி வந்திருப்பே. அண்ணனுக்கு அந்தப் பயம். எங்களுக்கெல்லாம் உன் வாய்க்கு பயம்." டோரதி மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள். "அப்புறமா சொல்லலாம்னா, நீ பன்னு வாங்க வர்றப்போ முகத்துல அவ்ளோ சந்தோஷம். நான் எதுக்கு அதுல மண்ணைப் போடணும்?"

எட்டு சுவிட்சில் ஏழு மேலே இருந்தன. மூன்று மட்டும் கீழே கிடந்தது. யசோதா அதைப் பார்த்தாள். டோரதி அதன்மேல் கை வைக்கவில்லை.

"என்னுதைப் போடு. அதையும் கடைசியிலதான் போடணும்னு கத்துக்குடுத்தாரா?"

"ஆமா. இதுக்கு மட்டும் அறுவது எண்ணணும்னாரு. வாய்விட்டு எண்ணணும், அவசரப்படக்கூடாதுன்னாரு."

"அறுவதா?"

"மத்தவங்களுக்குப் பத்து. ஏழு லைனும் ஏறி, இஞ்சினு ஆட்டம் நின்னு, கரண்ட்டு கல்லு மாதிரி நின்னப்புறம்தான் யசோதா லைனத் தொடணும். அவ மிஷினுல கம்ப்யூட்டரு போர்டு இருக்குது, ஏத்த இறக்கம் பட்டாப் போயிடும், அது போச்சுன்னா அவ ஒடிஞ்சுடுவான்னாரு. அதையே மூணு வாட்டி சொன்னாரு. மனுஷன் வேற எதையும் ரெண்டாவது வாட்டி சொல்லல." அவள் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "உனக்கு மட்டும்தான் வயிறு எரியும்னு நெனைக்காதே யசோதா. பன்னெண்டு நாளு, நாளைக்கு நாலு வாட்டி, இங்க நின்னு உனக்காக அறுவது எண்ணியிருக்கேன். எனக்காக எவனாவது அஞ்சு எண்ணியிருப்பானா? என் வூட்டுக்காரரு உயிரோட இருந்தப்பவும் எண்ணல. அம்பது தாண்டறப்போ எனக்கு உன்மேல வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல."

பிளாஸ்டிக் கவரைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "நீயே எண்ணிப் போடு, என் மாவு காயுது" என்று மழைக்குள் போய்விட்டாள்.

யசோதா சுவிட்சில் கையை வைத்தாள். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தாள். முப்பது வரைக்கும் சரியாகப் போயிற்று. முப்பத்தெட்டா, நாற்பத்தெட்டா என்று தடுமாறிப் போனாள். இஞ்சின் சத்தத்தில் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது. மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணி, அறுபதில் போட்டாள். கடைக்கு வந்து பார்த்தால், மெஷினின் சின்னத் திரை ஒன்றும் நடக்காததுபோல எரிந்துகொண்டிருந்தது. பிளவுஸில் பாதித் தையலில் நின்ற மயிலுக்கு இன்னும் தோகை பாக்கி இருந்தது.

அவள் வீடு திரும்பும்போது ஆஸ்டின் டவுனில் மழை விட்டிருந்தது. அப்பாதுரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"கரண்ட் போச்சா இன்னிக்கு?" என்று கேட்டான்.

"போவல," என்றாள் யசோதா.

"மழை பெய்ஞ்சுதே?"

"பெய்ஞ்சுது. கரண்ட்டே போவல."

கஞ்சியை டம்ளரில் ஊற்றி ஆற்ற ஆரம்பித்தாள். அவன் அவள் கையையே பார்த்தான். விரலிடுக்கெல்லாம் கறுப்பு. டீசல் வாடை, கஞ்சி வாடையையும் மீறிக்கொண்டு வந்தது. அவனுக்கு அந்த வாடை தெரியாமல் போகுமா? "உன் மிஷினு போர்டு நல்லாருக்குதா?" என்றான்.

"அறுவது எண்ணித்தான் போட்டேன்."

அப்பாதுரை கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். யசோதா டம்ளரைத் தரையில் ணங்கென்று வைத்தாள்.

"நான் ஒடிஞ்சுடுவேன்னு அவகிட்ட சொன்னே. மூணு வாட்டி சொன்னியாம். என்னைப் பத்தின பேச்சு, எங்கிட்ட சொல்லவேண்டிய பேச்சு. அதை எதுக்கு அவகிட்ட சொன்னே? இத்தினி வருஷத்துல எங்கிட்ட ஒரு வாட்டி சொன்னியா?"

"நீ கேக்கலியே," என்றான் அவன் சுவரைப் பார்த்தபடியே. "அவ ஏன் ஃபர்ஸ்ட்டுன்னுதானே கேட்டே."

அது வாஸ்தவம். யசோதா டம்ளரை எடுத்து அவன் வாயில் வைத்தாள். அவன் குடித்தான். சூடு இன்னும் ஆறவில்லை; அவன் சொல்லவில்லை.

"எழுந்து நடந்ததும் அந்த எட்டு சுவிட்சையும் எனக்குக் கத்துக்குடு," என்றாள்.

"எதுக்கு? நான்தான் வந்துடுவேனே."

"உனக்காக இல்ல. மொதல்ல இதைக் கத்துக்கறேன். அப்புறம் முகேஷ்கிட்ட போயி மாவு பிசையவும் கத்துக்கப் போறேன். நாளைக்கு அவளுக்கு ஒரு ஆஸ்பத்திரி, ஒரு கஷ்டம்னா, அந்தக் கடையில நான்தான் நிக்கணும்." முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள், கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள். "அவ எனக்குப் பன்னெண்டு நாளு நின்னா இல்ல? நான் அவளுக்குப் பதிமூணு நாளு நிப்பேன்."